எனக்கு எங்க வலிக்குது?

நடுவர் ஐயாவுக்கும், அவையோருக்கும், ரெண்டு அணிச் சொந்தங்களுக்கும் வணக்கம். பேர் பேரா வரவேற்புரையிலேயே சொல்லிட்டாங்க. நானும் ஆரம்பிச்சா என் நேரத்துல பாதி போயிடும்.

"எந்த வயசிலும் மனுஷன் நலமா வாழக் கைகொடுக்கிறது உறவுகளின் நெருக்கமா, இடைவெளியா?" இதான் தலைப்பு. நெருக்கமேன்னு பேச வந்திருக்கேன். தலைப்பு எங்கேயும் ஓடிடாது, அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல எதிரணித் தலைவர் அண்ணனைக் கவனிச்சிட்டு வந்துடறேன்.

அண்ணன் என்ன சொன்னாரு? "பிரஷர் பார்க்கிற மெஷினைக் கையில கட்டிப் பார்த்தேன். தெருவுல 120. வாசப்படி ஏறினா 140. உள்ள போய் 'வந்துட்டேன்'னு குரல் கொடுத்தா 160. ஆக, ஆரோக்கியம் வீட்டுக்கு வெளியேதான் இருக்கு"ன்னாரு. நீங்களும் தட்டினீங்களே ஒரு தட்டு! அதுலயும் ஆம்பளைங்க சில பேரு, பக்கத்துல யாரு உட்கார்ந்திருக்காங்கன்னே மறந்து தட்டினாங்க. பரவாயில்ல, வீட்டுக்குப் போனா ஞாபகப்படுத்துவாங்க.

அண்ணே, ஒரே ஒரு கேள்வி. அந்த மெஷினை வாங்கினது யாரு? நான் மேடை ஏறுறதுக்கு முன்னாடியே அண்ணிகிட்ட விசாரிச்சிட்டேன். வாங்கினது அண்ணி. பேட்டரி போட்டது பொண்ணு. ராத்திரி ராத்திரி நம்பரை நோட்டுல எழுதி வெக்கிறது அண்ணி. அண்ணன் என்ன செஞ்சாரு? கையை நீட்டினாரு. அதுவும் நாலு தடவை கூப்பிட்டப்புறம்!

தனியா இருக்கிறவனுக்கு பிரஷரே கிடையாதுங்கிறாரு. கிடையாதுன்னு யாருண்ணே பார்த்தா? பார்க்கிறதுக்கே ஆளில்லையே! ரத்த அழுத்தம் பெரும்பாலும் ஒரு அறிகுறியும் காட்டாது. வலிக்காது, வீங்காது. உள்ளுக்குள்ளேயே இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கிட்டிருக்கும். அளந்தாத்தான் தெரியும். அப்போ வீட்டுக்குள்ள 160 காட்டினா அது வீடு ஏத்தின பிரஷர் இல்லண்ணே, வீடு கண்டுபிடிச்ச பிரஷர்!

தட்டுங்க, தட்டுங்க. ஆனா நான் இன்னும் முடிக்கல. அண்ணன் இடைவெளியைப் பத்தி முழங்கிட்டு இந்த நாற்காலியில வந்து உட்கார்ந்தாரு. முன்வரிசையில இருந்து அண்ணி ஒண்ணுமே பேசல. ரெண்டு விரலைச் சேர்த்து வாய்கிட்ட கொண்டுபோய்க் காட்டினாங்க, அவ்வளவுதான். அண்ணன் சட்டைப் பையில கைவிட்டு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கிட்டாரு. ஐயா, அப்ப நீங்க குறிப்பு எழுதிக்கிட்டிருந்தீங்க, பார்க்கல. நான் பார்த்தேன். இங்கிருந்து அண்ணி உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு இருக்கே, அவ்வளவு தூரத்துலகூட அண்ணனால இடைவெளி விட முடியல.

நெருக்கம் பிரஷரே ஏத்தாதான்னு கேட்டா, ஏத்தும். என் வீட்டுக்காரரைக் கேளுங்க, மணிக்கணக்கா சொல்வாரு. ஆனா அமெரிக்காவுல ஜேம்ஸ் கோன்னு ஒரு உளவியலாளரும் கூட்டாளிகளும் 2006-ல வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கு. கல்யாணமான 16 பெண்களை மூளை ஸ்கேன் கருவிக்குள்ள படுக்க வெச்சாங்க. "கணுக்கால்ல ஷாக் வரப்போகுது"ன்னு அறிகுறி காட்டுவாங்க. ஒரு தடவை யாரும் பக்கத்துல இல்ல. ஒரு தடவை முன்பின் தெரியாத ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. ஒரு தடவை புருஷன் பிடிச்சுக்கிட்டாரு. தெரியாதவர் கைக்கே மூளையோட பதற்றம் கொஞ்சம் தணிஞ்சது. புருஷன் கைக்கு நல்லாவே தணிஞ்சது. ரெண்டு பேரும் எவ்வளவு ஒத்துமையோ அவ்வளவு நிம்மதி. இதை வீட்டுல போய்ச் சொன்னேன். "புருஷனுக்கு ஷாக் வெச்சுப் பார்க்கலையா?"ன்னு கேட்டாரு. அதான் தினமும் வாங்கறீங்களேன்னேன்.

சரி, தலைப்புக்கு வர்றேன். வர்ற வழியில ஒரு கதை.

எனக்குத் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர். எழுபத்தஞ்சு வயசு. மனைவியோட டாக்டரைப் பார்க்கப் போனாரு. டாக்டர் கேட்டாரு, "ஐயா, தூக்கம் எப்படி?" அந்தம்மா முந்திக்கிட்டாங்க: "எங்க டாக்டர் தூங்குறாரு? மூணு மணிக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்துடறாரு." டாக்டர், "அம்மா, அவரே சொல்லட்டும்"னாரு. பெரியவர், "நல்லா தூங்குறேன் டாக்டர்." அந்தம்மா திரும்பி ஒரு பார்வை. பெரியவர், "மூணு மணி வரைக்கும்."

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடறீங்களா?" "ஒண்ணு விடாம போடறேன்." அந்தம்மா வாயே திறக்கல. பையைத் திறந்தாங்க. பிரிக்காத அட்டை ஒண்ணை எடுத்து மேஜை மேல வெச்சாங்க. பெரியவர் அதையே பார்த்துக்கிட்டு, "இதைத் தவிர"ன்னாரு.

டாக்டருக்குப் பொறுக்கல. "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க." போயிட்டாங்க. கதவைச் சாத்தியாச்சு. "இப்ப தைரியமா சொல்லுங்க ஐயா, உங்களுக்கு எங்க வலிக்குது?" பெரியவர் யோசிச்சாரு. மேல பார்த்தாரு, கீழ பார்த்தாரு. மெதுவா எழுந்து போனாரு. கதவைத் திறந்தாரு. தலையை மட்டும் வெளியே நீட்டி, "ஏம்மா, எனக்கு எங்க வலிக்குது?"

பின்வரிசைக்குக் கேட்கலைன்னு கை காட்டுறாங்க, இன்னொரு தடவை சொல்லிடறேன். வலி யாருக்கு? அவருக்கு. கால் யாரோடது? அவரோடது. ஆனா எங்க வலிக்குதுன்னு கேட்கிறது கதவுக்கு அந்தப் பக்கம்! அந்தம்மா உட்கார்ந்த இடத்துல இருந்தே, "வலது முட்டி! இடதுன்னு சொல்லிடாதீங்க, அது போன வருஷம்!" பெரியவர் வந்து உட்கார்ந்தாரு. "வலது முட்டி டாக்டர். அவ சொன்னா சரியா இருக்கும்."

சிரிக்கிறீங்க. அதே அறைக்குள்ள உங்களையும் ஒவ்வொரு வயசுல உட்கார வெச்சுப் பார்ப்போமா?

அஞ்சு வயசு. "கண்ணா, எங்க வலிக்குது?" குழந்தை டாக்டரைப் பார்க்காது, அம்மாவைப் பார்க்கும். "ராத்திரி பூரா இடது காதையே பிடிச்சு இழுத்துக்கிட்டிருந்தான் டாக்டர்." அவ்வளவு போதும், டாக்டர் விளக்கை நேரா இடது காதுக்குக் கொண்டுபோவாரு. ராத்திரி பூரா பார்த்துக்கிட்டிருந்த கண்ணு சொன்ன தகவல் அது.

பதினஞ்சு வயசு. "அம்மா, நீ வெளியே இரு." இங்கதான் எதிரணி துள்ளிக் குதிப்பாங்க. குதிங்க, நானே எடுத்துக் கொடுக்கிறேன். அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல இருந்து 2022-ல ஒரு ஆய்வு வந்தது. சின்னப் பசங்களுக்கு அம்மா குரலைக் கேட்டாத்தான் மூளையோட மகிழ்ச்சிப் பகுதிகள் அதிகம் துள்ளுது. பதிமூணு வயசு வாக்குல அது மாறி, முன்பின் தெரியாத குரலுக்குக் கூடுதலா துள்ள ஆரம்பிக்குது. அம்மாமார்களே, நீங்க கூப்பிட்டா உங்க பையன் திரும்பாதது திமிர் இல்ல, வயசுக்கேத்த வளர்ச்சி! ஆனா வெளியே போகச் சொன்ன அதே பையன், டாக்டர் ஊசியை எடுத்ததும் கதவைப் பார்க்கிறானா இல்லையா? அம்மா அறையில வேண்டாம். கதவுக்கு வெளியே வேணும்.

முப்பது வயசு. டாக்டர்கிட்டயே போறதில்ல. எங்க வலிக்குதுன்னு போன்கிட்ட கேட்கிறோம். அதை விட்டுடுவோம்.

நாப்பத்தஞ்சு வயசு பாருங்க, அதான் பரிதாபம். ஒரு பக்கம் வயசான அம்மா, இன்னொரு பக்கம் சளி பிடிச்ச குழந்தை. அம்மாவுக்கு என்ன மாத்திரைன்னு சொல்றது இவர், குழந்தைக்கு எத்தனை நாளா காய்ச்சல்னு சொல்றதும் இவர். ரெண்டு பேர் சீட்டையும் வாங்கிக்கிட்டு எழுந்திருக்கிறப்ப இவருக்கே இடுப்பு பிடிக்கும். மேஜையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா நிமிருவாரு. கேட்க யாரு? கேட்க ஒரு ஆள் வேணும் ஐயா. மனைவியோ, தங்கச்சியோ, ஒரு அண்ணனோ. "உனக்கு எங்க வலிக்குது?"ன்னு. அந்த வயசுல ஒருத்தருக்கு இடைவெளி கொடுக்கிறேன்னு விலகிப் போனா, அதுக்குப் பேரு மரியாதை இல்ல, கைவிடறது.

எதிரணித் தம்பி சொன்னாரு, "இப்பதான் மெசேஜ் இருக்கே, தூரத்துல இருந்தே பாசம் காட்டலாம்." தம்பி, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல லெஸ்லி செல்ட்சர்னு ஒரு ஆய்வாளர், ஏழுல இருந்து பன்னெண்டு வயசுப் பொண்ணுங்களை முன்பின் தெரியாதவங்க முன்னாடி பேச வெச்சு, கணக்குப் போட வெச்சுப் படபடக்க விட்டாரு. அப்புறம் அம்மா வந்து கட்டிப்பிடிச்சாலும் சரி, போன்ல அம்மா குரல் கேட்டாலும் சரி, படபடப்பு அடங்கிச்சு. இது 2010. 2012-ல எழுத்துல மட்டும் அம்மாவோட பேச விட்டாங்க. அடங்கல. அம்மாவே பேசாத பொண்ணுங்க எப்படி இருந்தாங்களோ அப்படியேதான் இருந்தாங்க. தூரத்துல இருந்தா இருங்க தம்பி, யார் வேண்டாங்கிறா? குரலாவது கொடுங்க. வெறும் பொம்மை முகம் அனுப்பிட்டு மகன் கடமை முடிஞ்சதுன்னு தூங்கிடாதீங்க.

அப்புறம் எதிரணித் தங்கச்சி. நல்லா படிச்சிட்டு வந்திருக்காங்க, பாராட்டணும். "2005-ல 42 தம்பதிகளுக்குக் கையில சின்னக் கொப்புளக் காயம் உண்டாக்கிப் பேச விட்டாங்க. சண்டை போட்டவங்களுக்குக் காயம் ஆற நாளாச்சு. பார்த்தீங்களா நெருக்கத்தின் லட்சணத்தை"ன்னாங்க. உண்மைதான். ஆனா தங்கச்சி பாதியைத்தான் சொன்னாங்க. அதுக்கு முந்தின தடவை அதே தம்பதிகளைக் கூப்பிட்டு ஒருத்தருக்கொருத்தர் ஆதரவா பேச விட்டிருந்தாங்க. அப்ப காயம் சீக்கிரம் ஆறிச்சு. ரெண்டு தடவையும் அதே புருஷன், அதே பொண்டாட்டி, அதே நெருக்கம். மாறினது பேச்சு. அப்ப மருந்து எங்க இருக்கு? தள்ளிப் போறதுல இல்லம்மா, நாக்குல!

ஹார்வர்டுல 1938-ல இருந்து 724 பேரைத் தொடர்ந்தாங்க, அம்பது வயசுல உறவுகள்ல நிறைவா இருந்தவங்கதான் எண்பதுல திடமா இருந்தாங்க, கொலஸ்ட்ரால் அளவுகூட அந்த அளவுக்கு முன்கூட்டிச் சொல்லல. இதைப் பத்தியே பத்து நிமிஷம் பேசணும்னு எழுதி வெச்சிருந்தேன். முதல் மணி அடிச்சிட்டாங்க. காகிதத்தை மடிச்சுடறேன். அந்தப் பெரியவர்கிட்டயே திரும்பப் போகணும்.

அந்தம்மா போயிட்டாங்க. அவருக்கு முன்னாடியே.

அடுத்த தடவை மகன்தான் கூட்டிக்கிட்டுப் போனாரு. நல்ல மகன். லீவு போட்டு, கார்ல உட்கார வெச்சு, கையைப் பிடிச்சு இறக்கிக் கூட்டிக்கிட்டுப் போனாரு. டாக்டர் கேட்டாரு, "ஐயா, எங்க வலிக்குது?" பெரியவர் பழக்கதோஷத்துல இடது பக்கம் திரும்பினாரு. அங்க மகன் உட்கார்ந்திருக்காரு. அவருக்கு ஒண்ணும் தெரியல. எந்த முட்டின்னு தெரியல. எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்னு தெரியல. எந்த மாத்திரையை ஒளிச்சு வெக்கிறார்னு தெரியல. இத்தனைக்கும் ஒரே வீடு. பெரியவர் ஒரு நிமிஷம் மகன் முகத்தைப் பார்த்துட்டு, "எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர், நல்லாத்தான் இருக்கேன்"னாரு. மகன் சங்கடப்படக் கூடாதுன்னு சொன்ன பொய் அது.

அன்னிக்கு ராத்திரி மகன் தன் படுக்கையை அப்பா அறைக்கு மாத்திக்கிட்டாரு. "எதுக்குடா?"ன்னு கேட்டதுக்கு, "என் அறையில ஃபேன் சத்தம் போடுது"ன்னாரு. அதுவும் பொய்தான். இந்த வீட்டுல பாசமெல்லாம் பொய்யாவேதான் வரும்போல.

அடுத்த தடவை டாக்டர் கேட்டாரு, "தூக்கம் எப்படிங்க?" பெரியவர், "நல்லா தூங்குறேன்." மகன், "இல்ல டாக்டர். மூணு மணிக்கு எழுந்து உட்கார்ந்துடறாரு. வலது முட்டியைத் தேய்ச்சுக்கிட்டே இருக்காரு. கேட்டா இல்லைம்பாரு." பெரியவர் திரும்பி மகனைப் பார்த்தாரு. அப்புறம் டாக்டர்கிட்ட சொன்னாரு: "எழுதிக்குங்க. அவன் சொன்னா சரியா இருக்கும்."

ரெண்டாவது மணியும் அடிச்சாச்சு. நடுவர் ஐயா, எதிரணியில அடுத்துப் பேச வேண்டிய தம்பி கண்ணைத் துடைச்சுக்கிட்டிருக்காரு. அவருக்கு ரெண்டு நிமிஷம் கூடுதலா கொடுங்க. வணக்கம்.