பதமும் நேரமும்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய பால்பவுடர் டப்பா ஒன்றில் நாலு கூழாங்கல்லைப் போட்டு லேசாக ஆட்டிப் பாருங்கள். கிலுகிலுவென்று ஒரு சத்தம் வரும். கோயம்புத்தூரில் முப்பது வருடமாக ரேஸ், ராலி வண்டிகளுக்கு இன்ஜின் டியூன் செய்கிற எனக்கு, நல்ல தூக்கத்தில் இருந்தாலும் எழுப்பிவிடுகிற சத்தம் அது. பட்டறையில் அதற்கு நாக்கிங் என்று பெயர். இன்ஜினுக்குள் அது கேட்டால் யாரோ ஒருவர் தப்பு செய்திருக்கிறார் என்று அர்த்தம். ஒரு முறை அந்த ஒருவர் நானேதான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் டைமிங், அதாவது பிளக் எப்போது பொறி விட வேண்டும் என்பது. பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு பிளக் பொறி விடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பிஸ்டன் ஏறி வரும்போதே பொறி விழுந்துவிடுகிறது. ஏறுகிறவன் தலையில் ஏன் அடிக்க வேண்டும் என்று தோன்றும். சிலிண்டருக்குள் பெட்ரோல் பட்டாசு மாதிரி வெடிப்பதில்லை, எரிகிறது. தீ பிளக்கில் பற்றி ஓரம் வரை பரவ நேரம் வேண்டும். 6000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 6000 சுற்றில், பிஸ்டன் சுழற்றுகிற கிராங்க் தண்டு ஒரு முழுச் சுற்று சுற்றி முடிக்க நொடியில் நூறில் ஒரு பங்குதான் ஆகும். அந்த அவகாசத்துக்குள் தீ பரவி, அழுத்தம் உச்சத்தைத் தொடும்போது பிஸ்டன் மேலே போய்த் திரும்பியிருக்க வேண்டும். உச்சியைத் தாண்டி கிராங்க் 12லிருந்து 16 டிகிரிக்குள் சுற்றியிருந்தால் சரி.

சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது காலிலேயே தெரியும். பெடல் நேர் உச்சியில் நிற்கும்போது எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நகராது. கொஞ்சம் முன்னே சாய்ந்ததும் மிதித்தால்தான் போகும். உச்சிக்கு வருவதற்கு முன்பே மிதித்தால்? பழைய புல்லட்டைக் கிக்கர் உதைத்து, அது திருப்பி உதைத்ததில் ஒரு வாரம் நொண்டியவர்களைக் கேளுங்கள். உச்சிக்கு எத்தனை டிகிரி முன்னால் பொறி விழுகிறதோ, அதற்குப் பெயர் அட்வான்ஸ். அது அதிகமாகிவிட்ட இன்ஜின் செய்வது அதைத்தான்.

அப்புறம் கலவை, அதாவது பெட்ரோலும் காற்றும் சேர்கிற அளவு. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். கிலோவில் சொன்னால் மனசில் நிற்காது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய ஒன்பதாயிரம் லிட்டர் காற்று. ஆனால் முழு ஆக்சிலரேட்டரில் நிறைய பவர் கிடைப்பது 14.7இல் அல்ல, 12.5க்கும் 13க்கும் நடுவில். கொஞ்சம் பெட்ரோல் கூட, அதாவது ரிச். கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே வருகிற காற்றைக் குளிரவைக்கும், கிடைக்கிற ஆக்சிஜனையும் மிச்சம் வைக்காமல் பயன்படுத்தும். பாகு காய்ச்சுகிறவர்கள் பதம் என்று சொல்வார்களே, அந்தச் சொல்தான் இதற்குப் பொருத்தம். பதம் தாண்டி ரிச்சானால் பிளக்கில் கரி பிடிக்கும், வண்டி மந்தமாகும், அவ்வளவுதான். லீன் பக்கம், அதாவது பெட்ரோல் குறைகிற பக்கம், தாண்டினால் தண்டனை வேறு மாதிரி.

இந்த இரண்டையும் தனித்தனி வேலையாக நினைப்பதுதான் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் வருகிற முதல் தப்பு. காலையில் ஜெட், அதாவது பெட்ரோலை அளந்து விடுகிற சின்னத் துளைத் திருகு, மாற்றிவிட்டு, மதியம் டைமிங் வைத்துவிட்டு, சாயங்காலம் வண்டியை அனுப்பிவிடலாம் என்று நினைப்பு. லீனான கலவை மெதுவாக எரியும், ஆகவே பொறி முன்கூட்டியே விழ வேண்டும். பதமான கலவை வேகமாக எரியும், அதற்கு அவ்வளவு அட்வான்ஸ் தேவையில்லை. ஒன்றைத் தொட்டால் மற்றதும் நகர்ந்துவிடும்.

இன்ஜினின் பலத்தை அளக்கிற டைனோ மெஷினில் ஏற்றிய ஒரு மாருதி எஸ்டீம் இன்ஜினைச் சொல்கிறேன். 1298 சிசி, காற்றில் பெட்ரோலைக் கலக்கிற கம்பெனி கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இரண்டு வெபர் 40 போட்டது. 4000 ஆர்பிஎம்மில் நிறுத்தி, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து, 24 டிகிரியில் தொடங்கினோம். டார்க், அதாவது இன்ஜினின் திருப்பு விசை, 100 காட்டியது. 26க்கு 103. 28க்கு 105. 30க்கும் 105. பக்கத்தில் நின்ற வண்டிக்காரத் தம்பி, "இன்னும் ரெண்டு டிகிரி வெச்சுப் பாக்கலாமுங்கண்ணா" என்றார். வைத்தோம், 104. நான் திரும்ப 28இல் பூட்டிவிட்டேன். 30இல் அதே டார்க் கிடைக்கிறதே, ஏன் 28 என்றால், அந்த இரண்டு டிகிரி எனக்கு எதையும் தரவில்லை. வெயிலும் மட்டமான பெட்ரோலும் சேர்கிற நாளில் நாக்கிங்கை மட்டும் இரண்டு டிகிரி பக்கத்தில் கொண்டுவந்து வைக்கும். முழு டார்க் தருகிற மிகக் குறைந்த அட்வான்ஸ் எதுவோ, அதுதான் அந்த இன்ஜினின் டைமிங்.

சரி, என் தப்புக்கு வருகிறேன். அதே வண்டிதான். ஊட்டியில் ஓட்ட வேண்டும் என்று அந்தத் தம்பி கொண்டுவந்தார். ஊட்டி 2240 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி இங்கே கோயம்புத்தூரில் இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு இதெல்லாம் தெரியாது. அது பாட்டுக்குப் பெட்ரோலை ஊற்றும், கலவை ரிச்சாகிவிடும். நான் மேலே போய் 130 மெயின் ஜெட்டை எடுத்துவிட்டு 120 போட்டேன். மலைக்காற்றில் சிலிண்டரின் அழுத்தமும் குறைவு, நாக்கிங் சீக்கிரம் வராது. அந்தத் தைரியத்தில் டைமிங்கையும் 32க்கு ஏற்றினேன். வண்டி பறந்தது. இரண்டு நாள் எல்லாருக்கும் சந்தோஷம்.

இறங்கும்போது ஜெட்டை மாற்ற மறந்துவிட்டேன். பழைய ஜெட்டுகள் என் சட்டைப் பையிலேயே இருந்தன. மேட்டுப்பாளையம் தாண்டி ரோடு நேராகக் கிடந்தது, தம்பியும் அழுத்திவிட்டார். கீழே காற்று கனம், பெட்ரோல் குறைவு. கலவை 15 பக்கம் போயிருக்கும். அது போதாதென்று அந்த 32 டிகிரி வேறு. காரமடைக்கு முன்னால் போன் வந்தது: "அண்ணா, வண்டி இழுக்க மாட்டேங்குதுங்க. பின்னால ஒரே புகையா இருக்குதுங்க."

பட்டறைக்குக் கொண்டுவந்து முதலில் பிளக்கைக் கழற்றினேன். மூன்றாவது சிலிண்டர் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், ஊசி முனை அளவில் சாம்பல் நிற மணிகள் மினுமினுத்தன. அது கரி இல்லை, அலுமினியம். பிஸ்டன் உருகிப் பிளக்கில் ஒட்டியிருந்தது. சிலிண்டருக்கு மூடியான ஹெட்டைத் தூக்கினால் பிஸ்டன் தலையில் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை. லீன் கலவை மெதுவாக எரிந்து சூட்டை ஏற்ற, சீக்கிரம் விழுந்த பொறி அழுத்தத்தை ஏற்ற, மூலையில் மிச்சமிருந்த கலவை தீ வந்து சேரும் முன்னால் தானாகவே மொத்தமாகப் பற்றியிருக்கிறது. நாக்கிங் என்பது அதுதான். அந்த அதிர்ச்சி சிலிண்டர் சுவரில் மோதுவதைத்தான் டப்பாவில் கூழாங்கல் ஆட்டுகிற மாதிரி கேட்கிறோம். ஒரே ஒரு தப்பு என்றால் இன்ஜின் பொறுத்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பிஸ்டன் செலவை நான்தான் ஏற்றுக்கொண்டேன்.

தம்பிக்கு அந்தச் சத்தம் ஏன் கேட்கவில்லை என்கிறீர்களா? ரேஸ் சைலன்சர் போட்ட வண்டியில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் இன்ஜின் பிளாக்கில் ஒரு செம்புக் குழாயைப் போல்ட் வைத்து இறுக்கி, அதிலிருந்து ரப்பர் டியூப் இழுத்து, காதுமூடியில் சொருகிக்கொண்டுதான் இப்போதும் டைனோவில் நிற்கிறேன். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் மாதிரி. இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரான இசியு, நாக்கிங்கைப் பிடிக்கிற நாக் சென்சார், கலவையை அளக்கிற லாம்டா மீட்டர் எல்லாம் இருக்கின்றன; லேப்டாப்பில் கட்டம் கட்டமாக மேப் என்கிற அட்டவணை போடுகிறோம். பையன்கள் என் ரப்பர் டியூபைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். இப்போது பெட்ரோல் பங்கில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் 14.7 என்ற கணக்கு 13.5 பக்கம் இறங்கிவிடும். பழைய ஜெட்டையே விட்டுவைத்தால் வண்டி எட்டு சதவீதம் லீனாக ஓடும். வெபரில் 130 ஜெட் என்றால் துளை 1.30 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 135 போட்டால் துளையின் பரப்பு கிட்டத்தட்ட அதே எட்டு சதவீதம் கூடும். கடையில் கேட்டு வாங்கிப் போடுங்கள். ஊசியையோ சைக்கிள் போக்ஸ் கம்பியையோ விட்டுக் குடைந்து பெரிதாக்குகிற வைத்தியம் மட்டும் வேண்டாம். அப்படிக் குடைந்த பித்தளை ஜெட்டுகள் என் மேசை டிராயரில் ஒரு பிடி கிடக்கின்றன, எதிலும் துளை வட்டமாக இல்லை. ஜெட் மாற்றிய கையோடு டைமிங் லைட்டையும் ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

வணக்கம்.