மைதானத்துக் கேட் திறந்துதான் இருக்கிறது

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்கும் பெற்றோர்களே, வணக்கம்.

"பள்ளிக்கூட வாசல் நெரிசலுக்குப் பெரிதும் காரணம் நிர்வாகமா, பெற்றோரா?" என்பது தலைப்பு. பெற்றோரே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய நண்பர், பள்ளிக்குள் இடமில்லை, சாலை குறுகல், போக்குவரத்துக் காவலர் வருவதில்லை என்றார். மூன்றும் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் நான் ஆசிரியை. பதினொரு வருடமாக வாசல் டியூட்டி பார்க்கிறேன். இடம் கொடுத்தபோது என்ன நடந்தது என்பதையும் பார்த்தவள்.

நாங்கள் கேட்டுக் கேட்டு, போன வருடம் நிர்வாகம் பின்பக்கத்து மைதானக் கேட்டைத் திறந்துவிட்டது. நாற்பது கார் தாராளமாக நிற்கும். அங்கிருந்து வகுப்புக்குப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிட நடை. முதல் வாரம் எல்லோரும் வந்தார்கள். இரண்டாம் வாரம் பாதிப் பேர். ஒரு மாதத்தில் ஐந்தாறு கார்தான். மற்றதெல்லாம் பழையபடி முன்வாசலில், இரண்டு வரிசையாக. எடுங்கள் என்றால், "ஒரு நிமிஷம்தான் டீச்சர், பையைக் கொடுத்துட்டு வந்துடறேன்" என்பார்கள். அவர் எடுத்ததும் அடுத்தவர் அதே இடத்தில் வந்து நிற்பார். அவரவருக்கு ஒரு நிமிஷம், சாலைக்கு முக்கால் மணி நேரம்.

போன நவம்பரில் ஒரு காலை. தூறல். நின்றிருந்த வண்டிகளுக்குப் பக்கத்திலேயே ஒரு கார், கிட்டத்தட்ட நடுச்சாலையில் நின்றது. இடப்பக்கம் கதவைத் திறக்க இடமில்லை. அதனால் யு.கே.ஜி. குழந்தை வலப்பக்கக் கதவைத் திறந்து, வண்டிகள் போகிற பக்கம் இறங்கியது. பின்னால் வந்த பைக்கின் ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பையின் வார் மாட்டிக்கொண்டது. நல்ல வேளை, பை கையில்தான் இருந்தது, கழுத்தில் இல்லை. பை மட்டும் பத்தடி இழுபட்டுப்போய் விழுந்தது. தயிர் சாதம் தார்ச்சாலையில் சிதறிக் கிடந்தது. ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கினேன். அழவே இல்லை. ஆனால் அந்தச் சின்ன நெஞ்சு அடித்துக்கொண்டது என் உள்ளங்கையில் தெரிந்தது. அப்பா சொன்ன முதல் வார்த்தை, "ஒரு நிமிஷம்தான் டீச்சர் நிறுத்தினேன்." அவர் கெட்டவர் இல்லை ஐயா. கை நடுங்கிக்கொண்டுதான் சொன்னார்.

சட்டம் இல்லையா என்று எதிரணி கேட்டது. 1989-லேயே சாலை விதிகளில் எழுதிவிட்டார்கள்: பள்ளி வாசல் அருகே நிறுத்தக்கூடாது, நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தக்கூடாது, நடைபாதையில் ஏற்றக்கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, பொதுவான விதிமீறலுக்கு முதல் முறை 500 ரூபாய், அடுத்தடுத்த முறைக்கு 1500 ரூபாய் அபராதம். 2012-இல் சென்னையில் பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதே வருடம் பள்ளி வாகனங்களுக்கென்றே தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. பிள்ளைகளைப் பத்திரமாக ஏற்றி இறக்க வண்டியில் உதவியாளர் வேண்டும் என்றது. பள்ளிப் பேருந்திடம் நாம் அவ்வளவு கேட்கிறோம், சரிதான். நம் சொந்தக் காரிடம் என்ன கேட்கிறோம்?

இதில் அடிபடுவது காரில் வருகிற பிள்ளை மட்டுமில்லை. எங்கள் சாலையின் கோடியில் ஓர் அரசுப் பள்ளியும் இருக்கிறது. அரசு கொடுத்த சைக்கிளில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வருவார்கள். ஓரத்தில் கார், அதற்குப் பக்கத்தில் இன்னொரு கார் என்றால், அந்தச் சைக்கிள் எங்கே போகும்? டவுன் பஸ்ஸுக்கு முன்னால் போகும். நடந்து வருகிற மூன்றடிக் குழந்தை இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்தால் எந்த டிரைவருக்குத் தெரியும்? பானெட்டே அதன் தலையை மறைத்துவிடும்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று எல்லோரும் மேடையில் சொல்கிறோம். எட்டேகால் மணிக்கு வாசலில் என் பிள்ளை நனையக்கூடாது, என் பிள்ளை நடக்கக்கூடாது, அவ்வளவுதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டிய அம்மாவின் அவசரம் எனக்குப் புரியாமல் இல்லை. என் பிள்ளைகளையும் அப்படி ஓடித்தான் வளர்த்தேன். ஆனால் பத்து நிமிஷம் முன்னால் வீட்டை விட்டுக் கிளம்பவைக்க எந்த நிர்வாகத்தால் முடியும்? அது வீட்டில்தான் நடக்க வேண்டும்.

நாளைக் காலையும் ஏழே முக்காலுக்கு மைதானத்துக் கேட்டைத் திறந்து வைத்திருப்போம் நடுவர் அவர்களே. அதன் வழியே யார் வருவார்கள் என்பது நிர்வாகத்தின் கையில் இல்லை. அதை மனதில் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.