பெரிய த்ரொட்டில் பொடி போட்டால் ஏற்றத்தில் கார் பறக்குமா?

அடுத்தது தலவாக்கலையில் இருந்து ஒரு தம்பி அனுப்பிய குரல் பதிவு. முழுவதையும் போட்டால் நேரம் போய்விடும், சுருக்கிச் சொல்கிறேன். புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: த்ரொட்டில் பொடி என்றால் என்ஜினுக்குள் போகிற காற்றுக்கான வாசல், இன்டேக் மெனிஃபோல்ட் என்றால் அந்தக் காற்றை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொண்டுபோகிற குழாய்கள். "அண்ணே, என்னிடம் ஹோண்டா சிவிக் ஈகே3 இருக்கிறது. நானுஓயா பக்கம் ஏறும்போது மூச்சு வாங்குகிறது. பெரிய த்ரொட்டில் பொடி ஒன்று இருக்கிறது, அதைப் போட்டு இன்டேக் மெனிஃபோல்டையும் உள்ளே கடைந்து அகலமாக்கித் தருகிறோம் என்று ஒரு கராஜில் சொல்கிறார்கள். செய்யலாமா? மஹகஸ்தோட்டையில் ஓடுகிற கார்களுக்கு எல்லாம் இதைத்தானே செய்கிறார்கள்?"

அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்குப் போய் மஹகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு வருகிற எவரையும் கொஞ்ச நாளைக்கு இந்தக் காய்ச்சல் விடாது. அதோடு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025இல் திறந்த பிறகும் வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. கையில் இருக்கிற பழைய காரைத்தான் எப்படியாவது ஓட வைக்க வேண்டும். தம்பியின் ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது.

சரி. தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு நான் இப்போது என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியும். என்ஜின் காற்றை இழுப்பதில்லை. பிஸ்டன் கீழே இறங்கி இடம் விடுகிறது, அவ்வளவுதான். அந்த இடத்துக்குள் காற்றைத் தள்ளுவது வெளியே இருக்கிற வளிமண்டலம். எயார் ஃபில்டர் பற்றிய வீடியோவிலும் சொன்னேன், சைலன்சர் வீடியோவிலும் சொன்னேன், இன்னும் சொல்வேன். ஏனென்றால் இது பிடிபட்டால் தம்பியின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

அந்தத் தள்ளுகிற பலம் எவ்வளவு? பாதரச அங்குலக் கணக்கில் சொல்கிறேன், கராஜில் இருக்கிற கேஜும் அந்தக் கணக்கில்தான் காட்டும். கொழும்பில் கிட்டத்தட்ட 30 அங்குலம். தலவாக்கலையில் 26 அளவில் வரும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், அங்கே ஏறத்தாழ 24 தான். அதாவது கொழும்பில் இருந்து நுவரெலியாவுக்கு வந்து சேரும்போது 6 அங்குலம் போய்விட்டது. ஐந்தில் ஒரு பங்கு. நம் ஊர்க் குளிர் கொஞ்சம் கை கொடுக்கும், குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதைச் சேர்த்துப் பார்த்தாலும் 15 வீதம் அளவுக்குக் காற்றுக் குறைவு இருக்கும். காருக்கு ஒரு கோளாறும் இல்லாமலே இந்த இழப்பு உண்டு. பழைய கார்புரேட்டர் கார்களுக்கு இன்னும் மோசம். காற்று குறைகிற அளவுக்குப் பெற்றோல் குறையாமல் வந்து கறுப்புப் புகை தள்ளும். தம்பியின் காரில் மெப் சென்சர் இருக்கிறது, அது அழுத்தத்தைப் பார்த்து பெற்றோலைக் குறைத்துக்கொள்ளும். காற்றை அதனால் கூட்ட முடியாது.

இப்போது த்ரொட்டில் பொடிக்கு வருவோம். காற்று வருகிற வழியில் இருக்கிற வாசல் அது. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தின் வாசலை இரண்டு மடங்கு அகலமாக்கிவிட்டால் அன்றைக்கு நிறுவை கூடுமா? மலையில் கொழுந்து குறைவாக இருந்தால் வாசல் என்ன செய்யும்? ஆனால் வாசலில் உண்மையிலேயே நெரிசல் இருந்தால் அகலமாக்குவதில் அர்த்தம் உண்டு. ஆகவே கேட்க வேண்டியது, உங்கள் காரில் அந்த இடத்தில் நெரிசல் இருக்கிறதா என்பதைத்தான். அதை ஊகிக்கத் தேவையில்லை, அளந்து பார்க்கலாம். பெரிய செலவும் இல்லை.

ஒரு வெக்கியூம் கேஜ் வேண்டும். வெளியே இருப்பதைவிட மெனிஃபோல்டுக்குள் அழுத்தம் எவ்வளவு குறைவு என்று காட்டுகிற கருவி அது. த்ரொட்டில் தகட்டுக்குப் பின்னால், மெனிஃபோல்டில் இருந்து வருகிற ஒரு சின்ன ரப்பர் குழாயில் T வடிவ இணைப்பு ஒன்றைப் பொருத்தி கேஜை மாட்டுங்கள். நீளமான குழாய் போட்டு உள்ளே கொண்டுவந்து பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுங்கள். ஓட்டுகிறவர் பாதையைப் பார்க்க வேண்டும், முள்ளைப் பார்க்கக் கூடாது. வாகன நெரிசல் இல்லாத ஒரு நல்ல ஏற்றத்தில் இரண்டாம் கியரில் எக்சிலேட்டரை அடிவரை மிதித்து, ஆர்பிஎம் 5,000 தாண்டும்போது முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பூச்சியத்தை ஒட்டி நின்றால் வெளியே இருக்கிற அழுத்தம் முழுவதும் உள்ளே வந்துவிட்டது. வாசலில் நெரிசல் இல்லை. அரை அங்குலம், ஒரு அங்குலம் காட்டினால் சாதாரணம். இரண்டு, மூன்று காட்டினால் எங்கேயோ அடைப்பு இருக்கிறது. அப்போதும் த்ரொட்டில் பொடிதான் காரணம் என்று முடிவு கட்ட வேண்டாம். எயார் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு தடவை மட்டும் அதே ஏற்றத்தில் பாருங்கள். முள் இறங்கிவிட்டால் கோளாறு ஃபில்டரில் இருக்கிறது, புது ஃபில்டரோடு வேலை முடிந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு அங்குலம் காட்டுகிறது என்று வைப்போம். உலகத்திலேயே பெரிய த்ரொட்டில் பொடியைப் போட்டாலும் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கக்கூடியது அந்த ஒரு அங்குலம்தான், 24இல் ஒன்று. மலை எடுத்துக்கொண்டது ஆறு. அந்த ஆறைத் திருப்பித் தரக்கூடியவை டர்போ, சூப்பர்சார்ஜர் மட்டும்தான், ஏனென்றால் அவை காற்றைத் தாமே தள்ளுகின்றன. ஹைபிரிட் காரின் மின் மோட்டாருக்கும் காற்றுப் பிரச்சினை இல்லை. நீளமான ஏற்றத்தில் பேட்டரி தீர்கிற வரைக்கும்.

கேஜ் என்றதும் ஒரு கதை ஞாபகம் வருகிறது. நுவரெலியாவில் ஒருவர் வேன் வைத்திருந்தார். கீழே எங்கேயோ வேலை பழகிய ஒரு பையன் கேஜை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஐட்லிங்கில் 13 தான் காட்டுகிறது, 18க்கு மேல் வர வேண்டும், வால்வு போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும்" என்று சொல்லிவிட்டான். அவர் பயந்துபோய் என்னிடம் வந்தார். ஐட்லிங்கில், அதாவது எக்சிலேட்டரை மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது, வாசல் கிட்டத்தட்ட மூடியிருக்கும், அதனால் முள் மேலே நிற்பதுதான் இயல்பு. பையன் படித்தது சரிதான், ஆனால் 18 என்பது கடல் மட்டத்துக் கணக்கு. ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறத்தாழ ஒரு அங்குலம் குறையும். நுவரெலியா 6,000 அடிக்கு மேல். அங்கே 13 காட்டினால் என்ஜின் நல்ல சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த வேன் இன்னும் மரக்கறி ஏற்றிக்கொண்டு ஓடுகிறது, ஹெட் கழற்றவே இல்லை.

"ஆனால் அண்ணே, பெரியதைப் போட்ட நண்பனின் காரை ஓட்டிப் பார்த்தேன், மிதித்ததும் பாய்கிறது" என்று சொல்வீர்கள். பாயும். 50 மில்லிமீட்டர் வாயை 55 ஆக்கினால் பரப்பளவு 21 வீதம் கூடுகிறது. அதனால் கால் வைத்த உடனே முன்பைவிட அதிகக் காற்று போகும். முன்பு பாதி மிதித்துக் கிடைத்தது இப்போது அதற்கு முன்னாலேயே கிடைக்கும். அடிவரை மிதித்தால்? பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். மழையில், பனி மூட்டத்தில், வளைவுகளில் மெதுவாக ஓட்டுகிற நமக்கு இந்தத் துள்ளல் தொந்தரவுதான். இன்னொன்று, இந்தக் காரில் மெப் சென்சர் த்ரொட்டில் பொடியின் மேலேயே உட்கார்ந்திருக்கும். வேறு காரின் பொடியைக் கொண்டுவந்து பொருத்தினால் சென்சர்கள் ஒத்துப்போகாமல் ஐட்லிங் ஏறி இறங்கும். அதைச் சரிசெய்ய அலைகிற அலைச்சல் தனி.

மெனிஃபோல்ட் கடைவது பற்றி. பிளாஸ்டிக் மெனிஃபோல்ட் உள்ள புதிய கார்க்காரர்கள் இதைக் கேட்கவே வேண்டாம். தம்பியுடையது அலுமினியம், கடையலாம். ஆனால் குழாயை அகலமாக்கினால் குறைந்த ஆர்பிஎம்மில் காற்றின் வேகம் விழும், சிலிண்டர் நிரம்புவது குறையும். பலன் வருவது 5,500, 6,000க்கு மேலே. நீங்கள் லிந்துலையைத் தாண்டி ஏறும்போது எவ்வளவில் ஓட்டுகிறீர்கள்? 2,500, 3,000. தேவையில்லாத இடத்தில் வாங்கி, தேவையான இடத்தில் விற்கிற வியாபாரம் இது. மெனிஃபோல்டும் ஹெட்டும் சேருகிற இடத்தில் விளிம்பு முட்டிக்கொண்டிருந்தால் அதை கேஸ்கெட் அளவுக்குச் சீவி விடலாம், வார்ப்புப் பிசிறு இருந்தால் எடுத்து விடலாம். அதற்கு மேல் கை வைக்க நான் சொல்ல மாட்டேன். கண்ணாடி மாதிரி பொலிஷ் பண்ணுவதும் வேண்டாம், அது பார்க்கத்தான் அழகு. எதைச் செய்தாலும் மெனிஃபோல்டைக் கழற்றி வெளியே எடுத்துச் செய்து, பலமுறை கழுவி, காற்று அடித்து, பிறகு பூட்ட வேண்டும். கழற்றச் சோம்பல்பட்டு என்ஜினிலேயே வைத்துக் கடைந்த ஒரு கார் என்னிடம் வந்தது. அலுமினியத் தூள் உள்ளே போய் சிலிண்டர் சுவரெல்லாம் கோடு கோடாகக் கீறி, ஒயில் குடிக்கத் தொடங்கியிருந்தது.

மஹகஸ்தோட்டைக் காரர்கள் ஏன் செய்கிறார்கள் என்றால், அவர்கள் அதற்கு முன்னால் வால்வுகளைத் திறக்கிற கேம் தண்டை மாற்றியிருப்பார்கள், கொம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் கலவையை அமுக்குகிற அளவைக் கூட்டியிருப்பார்கள், எக்சோஸ்ட், கியர் விகிதம் எல்லாம் மாற்றி, என்ஜினைக் கட்டுப்படுத்துகிற கணினியான ஈசியுவையும் அதற்கேற்ப டியூன் பண்ணியிருப்பார்கள். தொடக்கத்தில் இருந்து முடிவு வரைக்கும் ஆர்பிஎம் மேலேயே நிற்கும். அந்த என்ஜினுக்குத்தான் வாசல் போதாமல் போகும். இந்த உயரத்தில் கொம்ப்ரஷன் கூட்டுவது உண்மையில் நல்ல யோசனை, அழுத்தம் குறைவு என்பதால் நொக்கிங், அதாவது கலவை தானாக வெடித்து என்ஜின் தட்டுவது, இலகுவில் வராது. ஆனால் தம்பி, அதே காரில் தீபாவளிக்குக் கொழும்புக்கு இறங்கினால் அவிசாவளை தாண்டும்போதே தட்டத் தொடங்கிவிடும்.

தம்பி என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. "அண்ணே, நான் எந்த கியரில் ஏறுகிறேன்?" மலைநாட்டில் நிறையப் பேர் பெற்றோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று மூன்றாம் கியரிலேயே முக்க வைக்கிறார்கள். அடிவரை மிதித்தபடி 2,000இல் திணறுகிறதைவிட இரண்டாம் கியரில் 4,000இல் போவது என்ஜினுக்கு நல்லது. ஹோண்டா என்ஜின் அதற்காகவே செய்தது, சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். அப்படி ஏறியும் திணறினால் இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் தீப்பொறி விடுகிற நேரத்தைப் பாருங்கள். இந்தக் காரில் டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் திருப்ப முடியும், யாரோ எப்போதோ திருப்பி வைத்திருப்பார்கள். டைமிங் லைட் உள்ள கராஜுக்குப் போனால் சிறிது நேரத்தில் தெரிந்துவிடும். அப்புறம் டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கிறதா, கிளச் வழுக்குகிறதா, புகைக் குழாயில் இருக்கிற கெட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கிறதா, ஒரு பக்க பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறதா. 25 வயது தாண்டிய காரில் இவற்றில் ஒன்றாவது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இருக்கிற த்ரொட்டில் பொடியைக் கழற்றி, தகட்டின் விளிம்பில் படிந்த கறுப்பைச் சுத்தம் செய்யுங்கள். அதனால் பலம் கூடாது, ஐட்லிங் ஒழுங்காகும்.

பெரிய பொடிக்கு ஒதுக்கிய காசைத் தொடாமல் வைத்திருங்கள். முதலில் கேஜை மாட்டி, 5,000இல் முள் எங்கே நின்றது, எந்த இடத்தில் ஓட்டினீர்கள் என்று இன்னொரு குரல் பதிவு அனுப்புங்கள். கேஜைக் கழற்றிய பிறகு அந்த ரப்பர் குழாயை மறக்காமல் திரும்ப மாட்டுங்கள். மறந்தால் ஐட்லிங் 2,000க்கு ஏறி நிற்கும், அதற்கும் அதே கராஜ்க்காரர் ஒரு பில் போடுவார். சரி, அடுத்தது ஹப்புத்தளையில் இருந்து, ரேடியேட்டர் பற்றி.