1766-இல் மூன்று செய்திகள்

நேயர்களுக்கு வணக்கம். மன்னராட்சியிலிருந்து புரட்சிக்குப் பிரான்ஸ் எப்படி வந்து சேர்ந்தது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். வழக்கமாக இந்தக் கதையை வெர்சாய் அரண்மனையில் ஆரம்பித்து, வால்தேர், ரூசோ என்ற சிந்தனையாளர்களின் பெயர்களைச் சொல்லி, 1789 ஜூலை 14 அன்று பாஸ்டில் சிறையைப் பிடித்ததோடு முடிப்பார்கள். பள்ளிக்கூடப் பாடம் அப்படித்தான் போகும். நான் 1766-ஐ எடுத்துக்கொள்கிறேன். புரட்சி வர இன்னும் இருபத்து மூன்று ஆண்டுகள் இருந்த நேரம். அந்த ஆண்டின் மூன்று செய்திகளில் ஒன்று நம்ம வந்தவாசியிலிருந்து கிளம்பிப் போனது.

முதல் செய்தி, மார்ச் 3. பதினைந்தாம் லூயி பாரிஸ் பார்லமானுக்கு நேரில் வருகிறார். பெயரைக் கேட்டு நாடாளுமன்றம் என்று நினைத்துவிட வேண்டாம். அது உயர் நீதிமன்றம். மன்னரின் ஆணைகளைப் பதிவு செய்வதும் அதன் வேலை. பதிவு செய்வதற்கு முன்னால் ஆட்சேபம் சொல்லும் பழக்கமும் அதற்கு இருந்தது. அது மன்னருக்குப் பிடிக்கவில்லை. ஆட்சியதிகாரம் தம் ஒருவரிடத்தில்தான் இருக்கிறது, சட்டம் இயற்றும் அதிகாரத்தில் யாருக்கும் பங்கு கிடையாது என்று எழுதிக்கொண்டுவந்து அங்கே வாசிக்கச் செய்தார். பிரெஞ்சு மன்னர்களின் ஆணைகள் வெகுகாலமாகவே "ஏனெனில் எமது விருப்பம் அதுவே" என்ற வாசகத்தோடுதான் முடியும். காரணம் சொல்லத் தேவையில்லாத பதவி அது.

இரண்டாவது செய்தி, மே 9. பாரிஸின் கிரேவ் சதுக்கத்தில் லல்லி என்ற தளபதியின் தலையை வெட்டினார்கள். புதுச்சேரியில் லல்லி தொலாந்தால் வீதி இருக்கிறதே, அவர்தான். அப்பா அயர்லாந்திலிருந்து அகதியாக வந்தவர், மகன் பிரெஞ்சுப் படையில் உயர்ந்தவர். 1758-இல் புதுச்சேரியில் வந்து இறங்கினார். தைரியசாலி, ஆனால் பொல்லாத கோபக்காரர். புதுச்சேரிக் கவுன்சிலோடு சண்டை, கூட இருந்த தளபதி புஸ்ஸியோடு சண்டை. படைக்குப் பணமில்லை என்று தஞ்சாவூர் ராஜாவிடம் வசூலிக்கப் போனார். போகிற வழியில் கீழ்வேளூர் கோயிலைச் சூறையாட விட்டார். சாதி முறை எதையும் பார்க்காமல் ஊராரைப் பிடித்துச் சுமை இழுக்க வைத்தார். தஞ்சாவூரும் கிடைக்கவில்லை, அப்புறம் முற்றுகையிட்ட சென்னைக் கோட்டையும் கிடைக்கவில்லை. 1760 ஜனவரியில் வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் தோற்றார். அடுத்த ஜனவரியில், பட்டினி கிடந்த புதுச்சேரியை ஒப்படைத்தார். நகரம் விழுவதற்குச் சில நாள் முன்னால்தான், அந்த ஊரின் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை கண்ணை மூடினார்.

போர்க்கைதியாக லண்டனில் இருந்தவர், பாரிஸில் தம்மைத் துரோகி என்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பதில் சொல்ல அனுமதி வாங்கிக்கொண்டு தாமாகவே போனார். பாஸ்டிலில் அடைத்தார்கள். குற்றவியல் நடைமுறை, பதினான்காம் லூயி 1670-இல் கொண்டுவந்த சட்டப்படி நடந்தது. விசாரணை ரகசியம். மரண தண்டனைக்குரிய வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் கிடையாது. கடைசி விசாரணையில் தாழ்வான ஒரு முக்காலியில் உட்கார வைப்பார்கள். அறுபது வயதைத் தாண்டிய லல்லி அதில் உட்கார்ந்து, நரைத்த தலையையும் மார்பிலிருந்த தழும்புகளையும் காட்டினார் என்பார்கள்.

தீர்ப்பு என்ன தெரியுமா? மன்னர், அரசு, இந்தியக் கம்பெனி ஆகியோரின் நலன்களுக்குத் துரோகம் செய்தார். அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார். கொடுமை செய்தார், பணம் பறித்தார். அவ்வளவுதான். எந்தச் செயல் துரோகம், யாருக்கு நடந்தது கொடுமை, கீழ்வேளூரையா சொல்கிறார்கள், தஞ்சாவூரையா? விளக்கம் கிடையாது. தீர்ப்புக்குக் காரணம் எழுதும் வழக்கமே அந்த நீதிமன்றங்களுக்கு இல்லை. என்னைக் கேட்டால், லல்லி பதில் சொல்ல வேண்டிய விஷயங்கள் நம் பக்கத்தில் நிறையவே இருந்தன. ஆனால் அவரைக் கொன்றது அவற்றுக்காக இல்லை. ஒரு பேரரசு கைநழுவியதற்கு யாராவது ஒருவர் பலியாக வேண்டியிருந்தது. வழியில் பேசிவிடக் கூடாதென்று வாயைக் கட்டி, குப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மூன்றாவது செய்தி, ஜூலை 1. வடக்கே அப்வில் என்ற ஊரில் லா பார் என்ற இருபது வயதுப் பையன். சமய ஊர்வலம் போனபோது தொப்பியைக் கழற்றவில்லை, சாமியைக் கேலி செய்யும் பாட்டுகளைப் பாடினான் என்று குற்றச்சாட்டு. பாலத்திலிருந்த சிலுவையைச் சேதப்படுத்தினான் என்று சந்தேகம் வேறு. பாரிஸ் பார்லமான் தண்டனையை உறுதிசெய்தது, மன்னர் மன்னிக்க மறுத்தார். தலையை வெட்டி உடலை எரித்தார்கள். அவன் அறையில் கிடைத்த வால்தேரின் தத்துவ அகராதியையும் அதே நெருப்பில் போட்டார்கள்.

கவனியுங்கள், மார்ச்சில் மன்னரிடம் திட்டு வாங்கிய அதே பார்லமான்தான் மற்ற இரண்டையும் செய்தது. மன்னரை எதிர்த்தவர்கள் எல்லாரும் சுதந்திரத்தின் பக்கம் நின்றார்கள் என்பது பிற்காலத்துக் கற்பனை. அரண்மனையும் நீதிமன்றமும் அதிகாரத்தில் யாருக்கு எவ்வளவு என்றுதான் மோதிக்கொண்டன. காரணம் சொல்லாமல் ஆளலாம் என்பதில் இரண்டுக்கும் கருத்து வேறுபாடு இருந்ததாகத் தெரியவில்லை.

அறிவொளிக்காரர்கள், அதாவது பகுத்தறிவை வைத்து எதையும் கேள்வி கேட்ட வால்தேர் போன்ற எழுத்தாளர்கள், கை வைத்தது அந்த இடத்தில்தான். தூலூஸில் ஜான் கலாஸ் என்ற புராட்டஸ்டன்ட் துணி வியாபாரி, சொந்த மகனைக் கொன்றதாகச் சொல்லி 1762-இல் சக்கரத்தில் கட்டிக் கொல்லப்பட்டார். வால்தேர் சாட்சியங்களைத் திரட்டி, கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, மூன்றே ஆண்டுகளில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய வைத்தார். அடுத்து லல்லி. லல்லிக்குத் தாம் மகன் என்பதே, தந்தை கொல்லப்பட்ட நாளில்தான் அந்தப் பதினைந்து வயதுப் பையனுக்குத் தெரிய வந்ததாம். தந்தையின் பெயரை மீட்கக் கிளம்பிய அவருக்கு வால்தேர் துணை நின்றார். 1778 மே மாதம், அப்போதைய மன்னர் பதினாறாம் லூயியின் ஆலோசனை சபை தீர்ப்பை ரத்து செய்தது. மரணப் படுக்கையில் இருந்த வால்தேர் மகனுக்குச் சில வரிகள் எழுதினார்: மன்னர் நீதியைக் காப்பவர் என்று கண்டுகொண்டேன், நிம்மதியாகச் சாவேன் என்று. சில நாளில் இறந்தும் போனார். மறுவிசாரணையில் லல்லி முழுதாக விடுவிக்கப்படவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

அந்தக் கடிதத்தைப் படித்தால் ஒன்று புரியும். வால்தேர் மன்னரை ஒழிக்கக் கிளம்பியவர் இல்லை. நல்ல மன்னர், நியாயமான சட்டம், அது போதும் அவருக்கு. அரண்மனைக்குள்ளேயே அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். மால்செர்ப் என்று ஒருவர், புத்தகத் தணிக்கைக்குத் தலைவர். திதெரோ என்ற தத்துவ எழுத்தாளரின் கலைக்களஞ்சியத்துக்கு 1752-இல் தடை வந்தபோது, கையெழுத்துப் பிரதிகளைக் கைப்பற்றும் உத்தரவும் அவர் மூலமாகவே போனது. திதெரோவுக்கு முன்கூட்டியே சொல்லியனுப்பி, பிரதிகளைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார் என்று திதெரோவின் மகள் எழுதியிருக்கிறார். தேடச் சொன்னவர் வீட்டில் யார் தேடுவார்கள்?

சரி, சீர்திருத்தம் கேட்டவர்களின் காலம் புரட்சியில் போய் நின்றது எப்படி? பணம்தான். இங்கிலாந்தோடு ஏழாண்டுப் போர், அப்புறம் அமெரிக்க விடுதலைப் போர், எல்லாமே கடனில் நடந்தன. நிதிப் பொறுப்பிலிருந்த நெக்கர் 1781-இல் அதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். மன்னரின் வரவு செலவை அச்சடித்து விற்றார். ஊர்த் திருவிழாக் கணக்கை மைக்கில் வாசித்த மாதிரி, சலுகையும் உதவித்தொகையும் யார் யாருக்குப் போகின்றன என்று எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். அந்தக் கணக்கு உண்மையுமில்லை என்பது வேறு விஷயம். போருக்கு வாங்கிய கடன்களை ஒதுக்கிவிட்டு உபரி இருப்பதாகக் காட்டியிருந்தார். ஆனால் ஒருமுறை கணக்கைக் காட்டிவிட்டால் அடுத்த முறையும் கேட்பார்கள். 1788-இல் அரசுச் செலவில் பாதி கடனுக்கே போனது. அரண்மனைச் செலவு ஆறு விழுக்காடு அளவுதான்; ராணியின் நகைகளால் நாடு மூழ்கியது என்ற பேச்சை நம்ப வேண்டாம். புது வரி போட வேண்டும், போட்டால் ஏன் என்று கேட்கிறார்கள். வேறு வழியில்லாமல் 1614-க்குப் பிறகு கூட்டப்படாத, மதகுருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று வகுப்புச் சபையை 1789 மே மாதம் கூட்டினார் பதினாறாம் லூயி. அதற்கு முன்னால் ஊர் ஊராகக் குறைகளை எழுதித் தரவும் சொன்னார். உப்பு வரி, விசாரணையில்லாமல் சிறையில் தள்ளும் மன்னரின் முத்திரைக் கடிதம், எல்லாம் அதில் வந்தன.

அந்தச் சபையில் பிரபுக்களின் உறுப்பினராக லல்லியின் மகன் உட்கார்ந்திருந்தார். பொதுமக்கள் வகுப்போடு சேர்ந்துகொண்ட பிரபுக்களில் அவரும் ஒருவர். ஆகஸ்ட் 26 அன்று வெளியான மனித உரிமைப் பிரகடனத்தின் ஏழாவது பிரிவு, சட்டம் சொன்ன முறைப்படியல்லாமல் யாரையும் கைது செய்யக் கூடாது என்கிறது. ஒன்பதாவது பிரிவு, குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதி என்கிறது. பதினைந்தாவது பிரிவு, ஒவ்வொரு அரசு அலுவலரிடமும் கணக்குக் கேட்கும் உரிமை சமூகத்துக்கு உண்டு என்கிறது. "எமது விருப்பம்" என்ற வாசகத்துக்கு அங்கே இடமில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து அதே மன்னரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். இங்கிலாந்துக்குத் தப்பிப் போயிருந்த லல்லியின் மகன், நான் வந்து வாதாடுகிறேன் என்று கேட்டார். அனுமதிக்கவில்லை. எழுபது வயதைத் தாண்டிய மால்செர்ப் முன்வந்து வாதாடினார். 1794 ஏப்ரலில் அவரையும், கூடவே மகளையும் பேத்தியையும் தலை வெட்டும் இயந்திரமான கில்லட்டினில் ஏற்றினார்கள். அந்த ஜூன் மாதம் புரட்சி நீதிமன்றத்துக்கு வந்த புதுச் சட்டப்படி, குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் கிடையாது. விடுதலை அல்லது மரணம், இரண்டே தீர்ப்பு. 1670-இன் சட்டம் எழுதியவர்கள்கூட அவ்வளவு சுருக்கியதில்லை. ஏழு வாரத்தில் பாரிஸில் மட்டும் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். ஜூலை 28 அன்று, அந்தப் புரட்சி ஆட்சியின் முன்னணித் தலைவரான ரோபெஸ்பியரின் முறை வந்தது. அவருக்கு அந்த விசாரணையும் கிடைக்கவில்லை. ஆள் அவர்தானா என்று மட்டும் சரிபார்த்து அனுப்பிவைத்தார்கள்.

கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கு நன்றி, வணக்கம்.