முதலில் கிணற்றடிக்கு

வணக்கம் நேயர்களே. நான் டாக்டர் இல்லை, வாத்தியாரும் இல்லை. களுவாஞ்சிகுடியில் முப்பது வருடத்துக்கு மேல் பற்றரி சார்ஜ் போட்டவன். பற்றரி அசிட் பட்டால் என்ன செய்வது என்று சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள், என் கையில் இருக்கிற தழும்புகளுக்காகத்தான் என்று நினைக்கிறேன். வானொலியில் அவற்றைக் காட்டவும் முடியாது.

தொண்ணூறுகளை நினைத்துப் பாருங்கள். மட்டக்களப்பு வாவிக்கு, எங்கள் பேச்சில் ஆற்றுக்கு, மேற்கே இருக்கிற படுவான்கரையில் கரண்ட் இல்லாத காலம். ஓர் இரவு படம் பார்க்க வேண்டுமென்றால் கார் பற்றரிதான். மண்டூர்ப் பக்கத்தில் இருந்து சைக்கிள் கரியலில் பற்றரியை வைத்து, பழைய ரியூப்பால் இறுக்கிக் கட்டி, பாதை என்கிற மிதவையில் ஏறி, ஆற்றைக் கடந்து குருமண்வெளியில் இறங்கி என் கடைக்கு வருவார்கள். அடுத்த நாள் வந்து எடுத்துப் போவார்கள்.

அப்படி வந்த ஒரு தம்பி. வழியில் பற்றரி சரிந்து, மூடியால் அசிட் வடிந்து, சாரமும் காலும் நனைந்திருந்தன. “பாதையில தெறிச்ச ஆத்துத் தண்ணிதானே அண்ணே” என்றார். எரியவில்லையாம். பக்கத்துக் கடையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு அரைமணி நேரம் இருந்துவிட்டார். பிறகுதான் துள்ளத் தொடங்கினார். ஒருவர் தேசிக்காய் தேய்க்கச் சொன்னார். இன்னொருவர் பற்பசை என்றார். நான், பெரிய கெட்டிக்காரன் மாதிரி, அப்பச் சோடாவை அள்ளி அப்பினேன். கிணறு பத்தடி தூரத்தில் இருந்தது, நேயர்களே. பத்தடி! ஒருவருக்கும் அந்த நினைப்பு வரவில்லை. இன்றைக்கும் மண்டூர்க் கோயில் திருவிழாவில் கண்டால், வேட்டியைக் கொஞ்சம் தூக்கித் தழும்பைக் காட்டிவிட்டுத்தான் என்னோடு கதைக்கவே தொடங்குவார்.

முதலில் ஏன் எரியவில்லை? பற்றரி அசிட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சல்பூரிக் அமிலம், மற்றது தண்ணீர். வெயிலுக்குத் தண்ணீர் பறந்துவிடும், அமிலம் பறக்காது. நேரம் போகப் போகத் துணியில் மிஞ்சுவது கடுமையாகிக்கொண்டே வரும். அசிட் தெறித்த சாரம் அன்றைக்கு நல்லாத்தான் இருக்கும், துவைத்து எடுத்தால் சல்லடை. என் மனைவி என்னுடைய சட்டைகளைத் தனி வாளியில்தான் ஊறப்போடுவார்.

ஆகவே, பட்ட துணியைக் கழற்றுங்கள், கிணற்றடிக்கு ஓடுங்கள். ஒரு வாளி ஊற்றிவிட்டு வரக்கூடாது, 20 நிமிடம், 30 நிமிடம் ஊற்ற வேண்டும். கண்ணில் பட்டால் தலையைச் சரித்து, பட்ட கண் கீழே இருக்கும்படி, இமையை விரித்துப் பிடித்துக் கழுவுங்கள். அப்போதுதான் வடிகிற தண்ணீர் மற்றக் கண்ணுக்குப் போகாது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி. சோடா நல்ல சாமான்தான், ஆனால் சீமெந்துத் தரையில் கொட்டினதுக்கு. உடம்பில் போட்டால் இரண்டும் சேர்ந்து சூடு கிளம்பும், கழுவ வேண்டிய நேரமும் போய்விடும். தண்ணீர்தான் முதல்.

“எங்கள் வீட்டில் கார் பற்றரி இல்லையே” என்பீர்கள். ரிமோட் இருக்கிறது, சுவர் மணிக்கூடு இருக்கிறது. பின் மூடியைத் திறந்தால் வெள்ளையாகப் பூத்திருக்கும். அல்கலைன் பற்றரியில் இருந்து கசிவது அசிட் இல்லை, அதற்கு எதிரான காரம், பொட்டாசியம் ஐதரொட்சைட்டு. அந்தக் கசிவு விரலில் பட்டால் சவர்க்காரம் மாதிரி வழுக்கும். அது என்ன தெரியுமா? உங்கள் தோலில் இருக்கிற கொழுப்பே சவர்க்காரமாக மாறுகிறது! நோகாமல் உள்ளே இறங்கும். கண்ணுக்கு அசிட்டைவிட இது மோசம். வாயால் ஊதாதீர்கள், சேலைத் தலைப்பால் துடைக்காதீர்கள். கையுறை இல்லாவிட்டால் ஒரு சொப்பின் பேக்கைக் கையில் மாட்டிக்கொண்டு எடுங்கள். தேசிக்காய்ப் புளி அந்த ரிமோட்டின் தகட்டைத் துடைக்க உதவும். தகட்டுக்கு மட்டும்தான், கைக்கு இல்லை. கைக்கு என்ன? ஓம், தண்ணீர்.

சார்ஜ் ஏறும்போது வருகிற குமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதோடு அசிட் துளிகள் கலந்த புகாரும் கிளம்பும். தொண்டை கரகரக்கும், வருடக்கணக்கில் முன்பல் தேயும். என் பல்லைப் பற்றிக் கேட்காதீர்கள். ஐதரசன் வாயுவும் வரும். காற்றில் 4 வீதம் சேர்ந்தாலே வெடிக்க ஒரு பொறி போதும். தண்ணி மட்டம் பார்க்க லைட்டர் கொளுத்தினவரையும் கண்டிருக்கிறேன், அது பெரிய கதை...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வானொலித் தம்பி ஒரு விரலைக் காட்டுகிறார். ஒரு நிமிடமாம். ஈயத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வந்தேன். சரி, இவ்வளவுதான்: வலைக்கு ஈயம் கட்டுவதற்காகப் பழைய பற்றரித் தகட்டை வளவுக்குள் உருக்காதீர்கள். அந்தத் தூசி மண்ணில் கிடக்கும், பிள்ளைகளின் மூளையைத்தான் கெடுக்கும்.

கடைசியாக, பொத்தான் பற்றரி. பிள்ளை விழுங்கினால் கசியும்வரை அது காத்திருக்காது. உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணித்தியாலத்துக்குள் புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், சோறு தண்ணி கொடுக்க வேண்டாம். இங்கே மட்டும் தண்ணீர் இல்லை, கவனியுங்கள். 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள், இல்லாவிட்டால் ஓட்டோவைப் பிடித்து எக்ஸ்ரே இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிள்ளைக்கு ஒரு வயது தாண்டியிருந்து, விழுங்கக்கூடியதாகவும் இருந்தால், போகிற வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். தேன் தேடிக்கொண்டு நிற்காதீர்கள்... சரி தம்பி, முடித்துவிட்டேன். வணக்கம்.