நான்கு மாதத்துக்கு ஒரு பிள்ளை வேலைக்கு வந்தால்

நேயர்களுக்கு வணக்கம்.

கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோ பகுதியில் எனக்கு ஒரு சின்னத் தொழிற்கூடம் இருக்கிறது. தண்ணீர் பம்புகளுக்கும் தொழிற்சாலை இயந்திரங்களுக்கும் கண்ட்ரோல் பெனல், அதாவது அவற்றை இயக்கும் மின்சாரப் பெட்டி, செய்து கொடுக்கிறோம். 13 பேர் வேலை செய்கிறார்கள். வருடா வருடம் ஏப்ரல் கடைசியில் தெரிந்த முதலாளிகள் யாராவது என்னை அழைப்பார்கள். "அண்ணை, உங்களிடம் கம்பஸ் பிள்ளைகள் வந்து வேலை செய்கிறார்களாம். எனக்கும் கோடைக்கு ஒருவரைப் பிடித்துத் தாருங்கோ" என்பார்கள். ஏப்ரலில் கேட்டால் நல்ல பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே இடம் பிடித்திருப்பார்கள். அதனால்தான் ஜனவரியில் வந்து பேசுங்கள் என்று வானொலி நிலையத்தார் கேட்டதும் உடனே சரி என்றேன்.

அந்தப் பிள்ளைகள் எங்களிடம் வருவது கோ-ஓப் என்ற முறையில். கோ-ஓப் என்பது விடுமுறை வேலை அல்ல. ஒரு தவணை வகுப்பு, அடுத்த தவணை சம்பளத்தோடு வேலை, பிறகு மீண்டும் வகுப்பு என்று மாறி மாறிப் போகும் படிப்பு அது. வேலைத் தவணை பெரும்பாலும் நான்கு மாதம். ஜனவரி, மே, செப்டம்பர் மாதங்களில் தொடங்கும். மே மாதத்துக்கு ஆள் வேண்டுமென்றால் ஜனவரியிலேயே வேலை அறிவித்தல் கொடுக்க வேண்டும். மாசி பிறக்கும்போது நேர்முகங்கள் மும்முரமாக நடந்துகொண்டிருக்கும்.

இந்த முறை நூறு வருடத்துக்கும் மேல் பழையது. ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர், படிக்கும்போதே வேலை செய்த மாணவர்கள் பிறகு நன்றாக முன்னேறுவதைக் கவனித்தார். 1906இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 27 பொறியியல் மாணவர்களோடு இதைத் தொடங்கினார். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் பிறந்ததே கோ-ஓப்போடுதான். இன்று எங்கள் வீட்டு வாசலிலேயே, ஸ்காபரோவில் இருக்கும் ரொறன்ரோ பல்கலைக்கழக வளாகத்திலும், சென்டெனியல் கல்லூரியிலும் கோ-ஓப் மாணவர்கள் இருக்கிறார்கள். எத்தனையோ பேருடைய பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள். ஆனால் அங்கிருந்து ஒரு மாணவரை எடுத்த தமிழ் முதலாளிகளை விரல் விட்டு எண்ணுமளவுக்குத்தான் எனக்குத் தெரியும்.

வாட்டர்லூவில் ஒரு நடைமுறை எனக்கு மிகவும் பிடிக்கும். நேர்முகம் முடிந்ததும் முதலாளி மாணவர்களை வரிசைப்படுத்துவார். மாணவரும் முதலாளிகளை வரிசைப்படுத்துவார். இரண்டையும் பொருத்திப் பார்த்துத்தான் வேலை முடிவாகும். நாங்கள் அவர்களைச் சோதிக்கிற அதே அரை மணி நேரத்தில் அவர்களும் எங்களை எடை போடுகிறார்கள். பெரிய கம்பனிகளின் பெயரும் சம்பளமும் எங்களிடம் இல்லை. இங்கே வந்தால் கையில் உண்மையான வேலை கிடைக்கும் என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடியும். அந்த வாக்கை ஒருமுறை நான் காப்பாற்றவில்லை.

அது எங்களிடம் வந்த முதல் மாணவரோடு நடந்தது. கெட்டிக்காரப் பிள்ளை. அவருக்கு என்ன வேலை என்று யோசித்து வைக்காமலே எடுத்துவிட்டேன். எல்லோருக்கும் அவசரம், சொல்லிக்கொடுக்க ஒருவருக்கும் நேரமில்லை. பழைய கோப்புகளை ஸ்கேன் செய்வதிலும் களஞ்சியத்தை அடுக்குவதிலும் நான்கு மாதம் போனது. கடைசி வாரம் கல்லூரிக்கு அனுப்ப வேண்டிய மதிப்பீட்டுப் படிவத்தோடு இருவரும் உட்கார்ந்தோம். "இங்கே என்ன படித்தீர்கள், தம்பி?" என்று கேட்டேன். அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வரவில்லை. அவருடைய படிப்புக் காலத்தில் நான்கு மாதத்தை நான் எடுத்துக்கொண்டேன், திருப்பிக் கொடுக்க வழியில்லை.

அடுத்த மாணவி வருவதற்கு முன் ஒரு தாளில் மூன்று வேலைகளை எழுதி வைத்தேன். அதில் ஒன்று வயர்களுக்கு இலக்கம் ஒட்டுவது. ஒரு பெனலுக்குள் முந்நூறு, நானூறு வயர் இருக்கும். ஒவ்வொன்றின் இரு முனையிலும் இலக்கம் வேண்டும். வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தோம், பெனல் ஒன்றுக்கு ஒரு முழு நாள் போகும். அவர் வரைபடத்திலிருந்தே பட்டியலை எடுத்து லேபல் அச்சிடும் இயந்திரத்துக்கு அனுப்ப ஒரு விரிதாள் செய்தார். இப்போது அது இரண்டு மணி நேர வேலை. பட்டம் முடித்ததும் எங்களிடமே நிரந்தரமாக வந்தார். புதிதாக வரும் மாணவர்களுக்கு இன்று அவர்தான் வேலை பழக்குகிறார்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். கோ-ஓப் மாணவரை எடுக்கும் கம்பனிக்கு எங்கள் ஒன்ராறியோ மாகாண அரசு வரிக்கழிவு தருகிறது. மாணவருக்குச் செலவான சம்பளத்தில் 25 முதல் 30 வீதம் வரை, ஒரு வேலைத் தவணைக்கு அதிகபட்சம் 3,000 டொலர். சின்னக் கம்பனிகளுக்குத்தான் அந்த 30 வீதம். மணிக்கு 22 டொலர் சம்பளம், வாரம் 37.5 மணி நேரம், 16 வாரம் என்றால் 13,200 டொலர் வரும். அதில் 30 வீதம் 3,960. ஆனால் கைக்கு வருவது 3,000தான். வேலை குறைந்தது 10 வாரம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், கல்லூரியின் சான்றுக் கடிதமும் வேண்டும். கட்ட வேண்டிய வரி இல்லாவிட்டாலும் இந்தப் பணம் திரும்பி வரும். இதைத் தவிர மத்திய அரசின் சம்பள மானியமும் உண்டு. அதற்குப் பிள்ளை வேலை தொடங்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். ஆனால் மானியத்துக்காக மட்டும் ஆள் எடுக்காதீர்கள். முதல் மாணவரை நான் எடுத்தபோது என் மனதில் இருந்தது அந்தக் கணக்கு மட்டும்தான்.

இன்னொன்று. கல்லூரியோ பல்கலைக்கழகமோ அங்கீகரித்த பயிற்சியில் இருக்கும் மாணவருக்கு ஒன்ராறியோவின் வேலை நியமச் சட்டம், குறைந்தபட்சச் சம்பளம் உட்பட, பொருந்தாது. அதைக் காட்டிச் சம்பளமே இல்லாமல் வேலை வாங்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது கொஞ்சமும் சம்மதமில்லை. வேலை செய்தால் கூலி கொடுக்க வேண்டும். வீட்டில் வசதியுள்ள பிள்ளைதான் சம்பளமில்லாமல் நான்கு மாதம் வேலை செய்ய முடியும். இரவில் கடையில் நின்று படிப்புக்குக் காசு சேர்க்கும் பிள்ளைக்கு அது முடியாது.

சம்பளம் இல்லாத மாணவருக்கும் பொருந்தும் சட்டம் ஒன்று உண்டு, அது வேலைத்தளப் பாதுகாப்புச் சட்டம். எங்கள் தொழிற்கூடத்தில் 600 வோல்ட் இருக்கிறது. வேலைக்குப் புதிதாக வந்தவர் முதல் மாதத்தில் காயப்படும் ஆபத்து, ஒரு வருடத்துக்கு மேல் அதே வேலையில் இருப்பவரைவிட மூன்று மடங்கு என்று ரொறன்ரோவிலுள்ள வேலை மற்றும் சுகாதார ஆய்வு நிறுவனம் கண்டறிந்திருக்கிறது. ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஆனால் பெரியவர் சொன்னால் மறுபேச்சுப் பேசாதே என்று சொல்லித்தான் நாங்கள் எங்கள் பிள்ளைகளை வளர்க்கிறோம். என்னை அங்கிள் என்று கூப்பிடும் ஒரு பிள்ளை என்னிடம் எப்படி மாட்டேன் என்று சொல்லும்? அதனால் முதல் நாளே சொல்லிவிடுவேன்: "பயமாக இருந்தால் கையை எடுத்துவிட்டு என்னிடம் வாருங்கள். ஒருவரும் கோபிக்க மாட்டோம்." அடுத்த வாரமும் அதையே திரும்பச் சொல்வேன்.

புதிதாகப் பட்டம் பெற்றவர்களை எடுப்பதைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எங்களில் எத்தனை பேர் "கனடிய அனுபவம் இல்லை" என்ற வார்த்தையைக் கேட்டோம்! பட்டத்தை அலமாரியில் வைத்துவிட்டுத் தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போனோம். இன்று 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் ஒன்று வெளியிடும் வேலை விளம்பரத்தில் கனடிய அனுபவம் கேட்கவே முடியாது. ஒன்ராறியோவில் 2026 ஜனவரி 1 முதல் அது சட்டம். அப்படியிருக்க, கல்லூரியை விட்டு வந்த பிள்ளையிடம் "இரண்டு வருட அனுபவம் இருக்கிறதா?" என்று நாங்களே கேட்கலாமா? மூன்று கோ-ஓப் தவணை செய்திருந்தால் அது முழுதாக ஒரு வருட அனுபவம். காலை ஐந்து மணிக்கு டிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடையைத் திறக்கப் போன பிள்ளைக்கு நேரத்துக்கு வரத் தெரியும், கோபத்தோடு நிற்கும் வாடிக்கையாளரோடு பேசவும் தெரியும். அதையும் நான் அனுபவத்தில்தான் சேர்க்கிறேன்.

நேர்முகத்தில் பெரிய கேள்விகள் கேட்பதில்லை. ஒரு வரைபடத்தைக் கொடுத்து, இதில் உங்களுக்கு விளங்காதவற்றை எல்லாம் சொல்லுங்கள் என்பேன். எல்லாம் விளங்குகிறது என்பவரை விட, ஆறு இடத்தில் விரலை வைத்து "இது என்ன?" என்று கேட்பவரை எடுத்திருக்கிறேன். இதுவரை அதற்காக வருந்தியதில்லை.

வரும் மே மாதம் எங்களிடம் இரண்டு பேருக்கு இடம் வைத்திருக்கிறோம். அவர்களுக்கு யார் வேலை பழக்குவது, முதல் வாரம் என்ன செய்வது என்பதை நேற்று ஒரு தாளில் எழுதி முடித்தோம். நீங்களும் எடுக்க விரும்பினால் அருகிலுள்ள கல்லூரியின் கோ-ஓப் அலுவலகத்தை இந்த வாரமே அழையுங்கள். என்ன படித்த மாணவர் வேண்டும் என்று அவர்கள் கேட்பதற்கு முன், அவருக்கு என்ன வேலை கொடுக்கப்போகிறீர்கள் என்பதை நீங்களே சொல்லுங்கள். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நன்றி, வணக்கம்.