பங்கோரில் ஓரிரவு: சமையலறை மேசையில் ஒரு பயணத் திட்டம்

வணக்கம், நேயர்களே. இன்று நான் எங்கும் புறப்படவில்லை. சுங்கை சிப்புட்டில், எங்கள் வீட்டுச் சமையலறை மேசையின் மீது மலேசியாவின் பேராக் மாநில வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பேசுகிறேன். பின்னால் கேட்கும் ஓசை, அம்மா தேங்காய் துருவும் ஓசை. டிசம்பரில் அம்மாவையும் அண்ணன் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு, ஒரு சனி ஞாயிறில் ஏதேனும் ஒரு சிறு தீவுக்குப் போய்வர வேண்டும் என்பது திட்டம்.

பிள்ளைகள் பெர்ஹெந்தியான் என்று கேட்டார்கள். அங்கே கண்ணாடி போன்ற தண்ணீர் என்பது உண்மைதான். ஆனால் டிசம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையைப் புரட்டிக்கொண்டிருக்கும். பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் பெரும்பாலான விடுதிகளே அந்த மாதங்களில் கதவைச் சாத்திவிடும். நம் பக்கத்திலுள்ள பங்கோர் தீவோ மலாக்கா நீரிணையில் இருப்பதால், அந்தக் காற்றைத் தீபகற்பமே குறுக்கே நின்று தடுத்துவிடுகிறது. மழை பெய்யலாம், ஆயினும் ஃபெரி ஓடும். ஈப்போவைக் கடந்து, ஃபெரி புறப்படும் கரையோர ஊரான லுமுட் வரை ஏறக்குறைய இரண்டு மணி நேர ஓட்டம் என்பதால், அதிகாலையில் கிளம்பினால் பகலுணவுக்கு முன்பே தீவில் இருக்கலாம். பங்கோர் தண்ணீர் பெர்ஹெந்தியான் அளவுக்குத் தெளிவாக இருக்காது என்பதை மட்டும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

இனி, நான் சென்ற முறை செய்த தவற்றுக்கு வருகிறேன். வரைபடத்தில் என் விரல் இருக்கும் இடத்தைப் பாருங்கள். இத்தீவுக்கு இரண்டு முகங்கள் உண்டு. லுமுட்டை நோக்கியிருக்கும் கிழக்குப் பக்கத்தில் மீனவர் குடியிருப்புகள், கடைத்தெரு, ஜெட்டி என்னும் படகுத்துறை, கோயில் எல்லாம் இருக்கின்றன. பாசிர் போகாக், தெலுக் நிப்பா போன்ற கடற்கரைகள் மேற்குப் பக்கத்தில் இருக்கின்றன. இது தெரியாமல், விலை குறைவு என்பதற்காகக் கிழக்குப் பக்கத்தில் அறை எடுத்துவிட்டு, கடலில் குளிப்பதற்காக நாளுக்கு இரண்டு முறை வேனுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன். அது போதாதென்று, லுமுட்டிலிருந்து வரும் ஃபெரி பங்கோர் பட்டணத்துக்கு முன்பாகச் சுங்கை பினாங் கெச்சிலில் நிற்கும் என்பதை மறந்து, கூட்டத்தோடு கூட்டமாக அம்மாவையும் இழுத்துக்கொண்டு அங்கேயே இறங்கிவிட்டேன். அம்மா ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை; ஏனெனில் அந்தப் பகுதியில்தான் கடலைப் பார்த்தபடி ஸ்ரீ பத்திரகாளியம்மன் ஆலயம் இருக்கிறது. தோட்டத்துக் கோயிலில் வேண்டிக்கொண்டது பலித்துவிட்டது என்றார். மாசிமகத்தின்போது அந்த ஆலயத்துக்குப் பக்தர்கள் திரளாக வருவார்கள் என்பதால், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் செல்ல நினைப்பவர்கள் நாள்காட்டியைப் பார்த்துவிட்டு அறையெடுங்கள்.

ஆகவே இம்முறை முதலில் தெலுக் நிப்பாவில் அறை, அதன் பிறகுதான் மற்றவை. சனிக்கிழமை முழுவதும் மேற்குப் பக்கம். கரைக்கு எதிரே கியாம் என்ற குட்டித் தீவு இருக்கிறது; படகில் சில நிமிடங்களில் சென்று மீன் பார்க்கலாம். மாலையில் இருவாச்சிப் பறவைகள் மரங்களிலிருந்து விடுதி முற்றம் வரை இறங்கி வரும். அவற்றைப் பார்க்கும்போது பிள்ளைகள் கையில் தின்பண்டம் எதுவும் இருக்கக் கூடாது, குரங்குகள் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கின்றன. பையில் ஒரு சிறு புட்டி வினிகர் வைத்துக்கொள்கிறேன். சொறிமீன் தீண்டிவிட்டால் அந்த இடத்தைத் தேய்க்காமலும், நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாமலும், வினிகரை ஊற்றிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிழக்குப் பக்கம். தெலுக் கெடோங்கில் உள்ள டச்சுக்காரர் கோட்டையைப் பலர் பத்து நிமிடத்தில் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் பிள்ளைகளை அங்கே உட்கார வைத்துப் பேசப் போகிறேன். பேராக்கின் வெள்ளீயத்தைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்வதற்காக டச்சுக்காரர்கள் 1670-இல் கட்டிய கோட்டை அது. 1690-இல் உள்ளூர் மக்கள் தாக்கி அழித்தார்கள், டச்சுக்காரர்கள் 1743-இல் மீண்டும் எழுப்பினார்கள், 1748-இல் கைவிட்டார்கள். இதைவிட முக்கியமானது, 1874 ஜனவரி 20-இல் இத்தீவையொட்டி ஆங்கிலேயருக்கும் பேராக் தலைவர்களுக்கும் இடையே கையெழுத்தான பங்கோர் உடன்படிக்கை. அதன்பின் பேராக்குக்கு ரெசிடெண்ட் என்ற ஆங்கிலேய ஆலோசகர் வந்தார், நிர்வாகம் வந்தது, சாலையும் ரயிலும் வந்தன, தோட்டங்கள் வந்தன, தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது எங்கள் கொள்ளுத்தாத்தா கப்பலேறினார். சுங்கை சிப்புட்டில் நாங்கள் பால்வெட்டுக் கத்தியைப் பிடித்ததற்கு இந்தத் தீவும் ஒரு காரணம் என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், ஆனால் கேட்பார்கள்.

காரைப் பயணிகள் ஃபெரியில் ஏற்ற முடியாது என்பதால் லுமுட்டிலேயே நிறுத்த வேண்டும். மரினா ஐலண்ட் ஜெட்டியிலிருந்து கடப்பது நேரத்தில் குறைவு. எனினும் அம்மாவுக்கு ஃபெரியில் நெடுநேரம் உட்காருவதுதான் பிடிக்கும், அதனால் லுமுட்தான். தீவில் மோட்டார் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது. வடக்குப் பகுதியில் சாலை செங்குத்தாக ஏறி இறங்குவதால், அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அந்த மேட்டில் ஏற எனக்குத் துணிவில்லை. தீவில் ஓடும் இளஞ்சிவப்பு நிற வாடகை வேனையே நம்பப் போகிறேன்.

2020 ஜனவரி முதல் பங்கோர் வரியில்லாத் தீவு என்பதைக் கேட்டு அண்ணன் பெரிய பட்டியல் ஒன்றை அனுப்பியிருக்கிறார். அதில் இருந்த மதுப் புட்டிகளை நான் கோடிட்டு நீக்கிவிட்டேன்; அச்சலுகை அறிவிக்கப்பட்டபோதே மதுவையும் புகையிலையையும் மோட்டார் வாகனங்களையும் அதில் சேர்க்கவில்லை. பங்கோரிலிருந்து வாங்கி வர வேண்டியது காய்ந்த நெத்திலியும் சொத்தோங் என்ற கணவாயும்தான். அதை வாங்கும் பொறுப்பு அம்மாவுடையது. சென்ற முறை அவர் விலை பேசிக்கொண்டிருந்ததில் ஒரு ஃபெரியே போய்விட்டது. எனவே ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஜெட்டியில் இருக்க வேண்டும் என்பதை, அவருக்கு மட்டும் மூன்று மணி என்று சொல்லி வைத்திருக்கிறேன். தேங்காய் துருவும் ஓசை நின்றுவிட்டது, கேட்டுவிட்டார் போலிருக்கிறது.